பதினாறாம் நாளுக்குப் பிறகு

(மாவட்ட மனநலத் திட்டத்தில் பணியாற்றும் உளவியலாளர் ஒருவர், பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடுத்த சில நாள்களுக்கு அந்த வீட்டைத் தனியாக விடமாட்டார்கள். உறவினர்கள் வந்து தங்குவார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். தெரிந்தவர் எல்லாரும் வந்து துக்கம் விசாரிப்பார்கள். பதினாறாம் நாள் காரியமோ, நாற்பதாம் நாள் ஓதலோ, ஜெபக் கூட்டமோ, அவரவர் வழக்கப்படி ஒரு நாள் வரும். அத்துடன் பந்தல் பிரிப்பார்கள், வந்தவர்கள் ஊர் திரும்புவார்கள். அந்த வாரத்திலேயே பிள்ளை பள்ளிக்கு வந்துவிடும். ஊர் தன் கடமையை முடித்துக்கொள்ளும் இடத்தில்தான் நம் கடமை தொடங்குகிறது.

வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு ரூ.75,000 நிதியுதவி உண்டு. அதற்கான விண்ணப்பத்தை நிரப்பி, சான்றுகளைச் சேர்த்து, உரிய நேரத்தில் அனுப்புவது உங்களுக்குக் கைவந்த வேலை. அந்தப் பணம் குடும்பத்துக்கு மிகவும் தேவை. ஆனால் பிள்ளையின் மனத்துக்கு என்ன செய்வது என்று சொல்லும் படிவம் எதுவும் இல்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துக்கம் நோய் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு, உண்மையைச் சொல்கிற, நாள்தோறும் மாறாமல் நடந்துகொள்கிற ஒரு பெரியவர் அருகில் இருந்தால் போதும். சில பிள்ளைகளுக்கு மட்டும் அது போதாது. அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும். அந்தச் சிலர் யார் என்பதை வீட்டாரைவிட முன்னதாகக் கண்டுகொள்ளும் வாய்ப்பு ஆசிரியருக்குத்தான் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் துக்கத்தில் இருப்பார்கள். பிள்ளை முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள்.

பிள்ளைகளுக்குச் சாவு எப்படிப் புரிகிறது?

சாவு என்றால் என்ன என்பது ஒரே நாளில் புரிந்துவிடும் செய்தி அல்ல. இறந்தவர் திரும்பி வரமாட்டார், அவர் உடல் இனி இயங்காது, அவருக்குப் பசியோ வலியோ இல்லை, எல்லாருக்கும் ஒரு நாள் சாவு உண்டு, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் உண்டு. இவை தனித்தனிக் கருத்துகள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இவற்றில் சில புரிந்திருக்கும், சில புரிந்திருக்காது. அதனால்தான் அடக்கத்துக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்த பிள்ளையே, "அப்பா தீபாவளிக்கு வருவாரா டீச்சர்?" என்று கேட்கிறது.

இந்த வயதில் நாம் பயன்படுத்தும் சொற்கள் முக்கியம். "அப்பா தூங்குறார்" என்று சொன்னால், பிள்ளை இரவில் தூங்கப் பயப்படலாம். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால், என்னிடம் சொல்லாமலே போய்விட்டாரே என்று ஏங்கும். "சாமிக்குப் பிடிச்சவங்களைக் கூப்பிட்டுக்கிட்டார்" என்றால், அடுத்து அம்மாவைக் கூப்பிடுவாரோ என்று கோயில் பக்கம் போகவே அஞ்சும். குடும்பத்தின் நம்பிக்கையை நாம் மறுக்க வேண்டியதில்லை. அதோடு உண்மையையும் எளிய சொற்களில் சொல்ல வேண்டும்: "அப்பா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு. அவர் திரும்ப வரமாட்டார். உனக்கு என்ன கேக்கணும்னாலும் என்கிட்ட கேளு."

சிறு பிள்ளைகளிடம் இன்னொன்றும் பார்ப்பீர்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் ஓடிப்பிடித்து விளையாடும். "ஒன்றும் தெரியாத குழந்தை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி அல்ல. பெரிய துக்கத்தைச் சிறு பிள்ளையால் தொடர்ந்து சுமக்க முடியாது. கொஞ்சம் தொட்டுப் பார்க்கும், விலகி விளையாடும், மீண்டும் வரும்.

பத்து, பதினொரு வயதுக்கு மேல் சாவு முழுதாகப் புரியும். அப்போது வேறு சுமைகள் சேரும். "எனக்கு மட்டும் ஏன்?" என்ற கோபம் வரும். மற்ற பிள்ளைகளிலிருந்து வேறுபட்டுவிட்டோமே என்ற கூச்சம் வரும். உயர்நிலை வகுப்புகளில் பொறுப்பு வந்து தலையில் ஏறும். மூத்த பெண் சமையலறைக்குள் போய்விடுவாள். பையன் வேலை தேடுவான். வகுப்பில் இது துக்கம் என்ற பெயரோடு வராது. வீட்டுப்பாடம் செய்யாதது, எதிர்த்துப் பேசுவது, தூங்கி விழுவது, தலைவலி, வயிற்றுவலி என்றுதான் வரும்.

படிப்படியாகத்தான் ஆறுமா?

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டு என்று படித்திருப்பீர்கள்: மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவிய கருத்து இது. அவர் அந்த நூலில் எழுதியது, தீராத நோயால் சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பற்றி. பின்னாளில் அது துக்கப்படுவோர் எல்லாருக்கும் உரிய பாடத்திட்டம் போல ஆகிவிட்டது. "மூன்று மாதம் ஆகியும் இவன் இன்னும் ஏற்பு நிலைக்கு வரவில்லையே" என்று எந்தப் பிள்ளையையும் அளக்கக் கூடாது. துக்கம் அப்படி வரிசையாக நடப்பதில்லை.

நான் பயன்படுத்தும் விளக்கம் வேறு. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்தது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு கரைகளுக்கு நடுவே ஊசலாடுகிறார். ஒரு கரை இழப்பு: நினைத்து அழுவது, படத்தைப் பார்ப்பது, ஏங்குவது. மறு கரை அன்றாட வாழ்க்கை: பள்ளிக்குப் போவது, புதிய வேலைகளைக் கற்பது, சிரிப்பது. இப்படிப் போய்ப் போய் வருவதுதான் ஆறும் வழி. எப்போதும் அழுதுகொண்டே இருப்பதும், ஒருமுறைகூட அழாமல் ஓடிக்கொண்டே இருப்பதும்தான் நாம் கவனிக்க வேண்டியவை.

இதில் பள்ளியின் இடம் தெரிகிறதல்லவா? மறு கரை என்பது நீங்கள்தான். மணி அடிப்பது, வழிபாட்டுக் கூட்டம், மதிய உணவு, கணக்குப் பாடம். எல்லாம் தலைகீழாகிப் போன பிள்ளைக்கு, மாறாமல் இருக்கும் ஒரே இடம் பள்ளி. ஆகவே அந்தப் பிள்ளையை எல்லாவற்றிலிருந்தும் விலக்கி மூலையில் உட்கார வைக்காதீர்கள். வேலை கொடுங்கள், கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

பிள்ளை திரும்பி வருவதற்கு முந்தைய நாளே வகுப்பில் பேசிவிடுங்கள். என்ன நடந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். "அவனிடம் எப்படிச் செத்தார் என்று கேட்காதீர்கள். எப்போதும் போல விளையாடக் கூப்பிடுங்கள்" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே விடை சொன்னால், மறுநாள் அவை அந்தப் பிள்ளையின்மேல் விழாது.

வந்த அன்று தனியாக அழைத்து ஒரு நிமிடம் பேசினால் போதும். "அப்பா இறந்தது எனக்கும் வருத்தமா இருக்கு. வகுப்புல அழுகை வந்தா என்னைப் பாரு, நீ எழுந்து வெளியே போயிட்டு வரலாம். கேட்டுக்கிட்டுத்தான் போகணும்னு இல்லை." ஒரு சைகையை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பல பிள்ளைகள் அதைப் பயன்படுத்தவே மாட்டார்கள். வழி இருக்கிறது என்று தெரிவதே அவர்களுக்குப் போதும்.

சொல்லக் கூடாதவை சில. "அழாதே, நீ தைரியசாலி." "உன் அம்மாவுக்காகவாவது அழாமல் இரு." இவை பிள்ளையை வாயடைக்கச் செய்யும். இவற்றைவிடக் கடுமையானது, "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்பது. சாவு வீட்டில் பத்துப் பேராவது இதைச் சொல்லியிருப்பார்கள். பதினான்கு வயதுப் பையன் அதை அப்படியே எடுத்துக்கொள்வான். முதல் பாடவேளையில் தூங்கி விழும் ஒன்பதாம் வகுப்பு மாணவனைத் தண்டிப்பதற்கு முன், இரவில் எங்கே இருந்தான் என்று கேட்டுப் பாருங்கள். காய்கறி மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்திருப்பான். அவனுடைய துக்கம் வேலையாக மாறியிருக்கிறது. அடுத்து இடைநிற்றலாக மாறும். அவனிடம் யாராவது ஒருவர், "நீ இன்னும் பிள்ளைதான். படிக்கிறதுதான் உன் வேலை. வீட்டுச் செலவைப் பெரியவங்க நாங்க பார்க்குறோம்" என்று சொல்ல வேண்டும். சொல்வதோடு நில்லாமல், தாயை அழைத்துப் பேசி, கிடைக்கக்கூடிய உதவிகளுக்கு வழிசெய்ய வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் இருக்க மாதம் ரூ.2,000 வழங்கும் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள பிள்ளைக்கு அதை வாங்கித் தருவதும் துக்கத்துக்குச் செய்யும் மருத்துவம்தான்.

நாள்காட்டியையும் பாருங்கள். பெற்றோர் கூட்டம், அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் நாள், தேர்வு முடிவு வரும் நாள், முதலாண்டுத் திதி. இந்த நாள்களில் ஆறிய புண் மீண்டும் வலிக்கும். திதி நாளை உங்கள் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து அன்று காலையில், "இன்னைக்கு என்ன நாள்னு எனக்கு நினைவிருக்கு" என்று நீங்கள் சொல்லும் ஒரு வரியை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுதும் மறக்காது.

இறந்தது வகுப்பு மாணவரே என்றால், மறுநாள் வருகைப் பதிவின்போது அந்தப் பெயர் வரும் இடத்தை எல்லாப் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிப்பார்கள். ஓசையில்லாமல் தாண்டிப் போகாதீர்கள். பெயரைச் சொல்லி, ஒரு நிமிடம் நின்று, பிறகு தொடருங்கள். காலி இடத்தை என்ன செய்வது என்று சில நாள் கழித்துப் பிள்ளைகளையே கேளுங்கள். வீட்டில் நடந்தது தற்கொலை என்றால், எப்படி நடந்தது என்ற விவரம் வகுப்பில் பேசப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையிடம், "இது உன்னால நடக்கலை" என்பதை ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லுங்கள்.

எப்போது சிகிச்சை வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நீடித்த இழப்புத் துயர் என்பது தனி நிலையாகச் சேர்க்கப்பட்டது. இழப்பு நேர்ந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தைக் கடந்து, கடும் ஏக்கம் குறையாமல் அன்றாட வாழ்க்கையே நடக்காமல் போவதுதான் அதன் அடையாளம். அந்தப் பெயரைச் சூட்டுவது எங்கள் வேலை. உங்களுக்கு வேண்டியவை சில அறிகுறிகள் மட்டும்.

பல வாரங்களாக முன்பு விரும்பியதை எல்லாம் விட்டு விலகுவது. பள்ளிக்கு வர மறுப்பது. இறந்தவரை நினைவூட்டும் இடம், பொருள், பேச்சு அனைத்தையும் தவிர்ப்பது. விபத்துக் காட்சி கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவதாகச் சொல்வது. "என்னாலதான் செத்தாங்க" என்பது. எடை குறைவது, தூக்கமின்மை. இவற்றில் ஒன்றிரண்டு நீடித்தால் அனுப்புங்கள். "நானும் அம்மாகிட்டப் போயிடணும்" என்று பிள்ளை சொன்னால் ஆறு மாதக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே பேசுங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டாரை வரவழைத்து அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

சிகிச்சையில் என்னதான் நடக்கிறது?

"மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பீர்களா?" "பைத்தியம் என்று எழுதிவிடுவீர்களா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். சில நேரம் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். இழப்புத் துயருக்கான சிகிச்சை பெரும்பாலும் பேச்சும் செயலும்தான். தூக்கமின்மையோ மனச்சோர்வோ கடுமையாக இருந்தால் மட்டும் மனநல மருத்துவர் மருந்தைப் பற்றி யோசிப்பார்.

என்னிடம் வந்த பல பிள்ளைகளின் அனுபவத்தைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி ஒரு பிள்ளையாக்கிச் சொல்கிறேன். நான்காம் வகுப்புச் சிறுமி. தந்தை இரவில் இருசக்கர வாகனத்தில் கடைக்குப் போனபோது லாரி மோதி இறந்தார். நான்கு மாதம் ஆகியிருந்தது. பாடங்களில் பெரிய குறை இல்லை. வகுப்பாசிரியை ஒன்றைக் கவனித்தார்: படம் வரைவதில் உயிரையே வைத்திருந்த பிள்ளை, வண்ணப் பென்சிலைத் தொடுவதே இல்லை. பக்கத்துப் பிள்ளை கொடுத்தாலும் தள்ளிவிடுகிறாள். அந்த ஆசிரியைதான் தாயிடம் பேசி அனுப்பிவைத்தார்.

முதல் சந்திப்பில் தாயோடும் பிள்ளையோடும் பேசினேன். துக்கம் என்றால் என்ன, உடம்பில் அது எப்படித் தெரியும் என்று விளக்குவதே முதல் படி. நெஞ்சு அடைப்பதும் வயிறு வலிப்பதும் துக்கத்தால்தான் என்று தெரிந்தாலே பயம் பாதி குறையும். அடுத்த வாரங்களில் விளையாட்டு, கதை வழியாக அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. மூன்றாவது வாரத்தில் சொன்னாள்: அன்று கலர் பென்சில் வேண்டும் என்று அடம்பிடித்தது அவள். அதை வாங்கத்தான் அப்பா போனார். நான்கு மாதமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பேசினால் பிள்ளை அழுவாளே என்று தாயும் அப்பாவின் பேச்சையே எடுக்கவில்லை.

"உன் தப்பு இல்லை" என்று நான் உடனே சொல்லிவிடவில்லை. சொன்னால் தலையாட்டுவாள், நம்பமாட்டாள். ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டு, இதைத் தோசை என்று வைத்துக்கொள்வோம் என்றேன். விபத்து ஏன் நடந்தது என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு துண்டு வெட்டினோம். லாரி வேகமாக வந்தது, பெரிய துண்டு. வளைவில் விளக்கு இல்லை, ஒரு துண்டு. மழை, ஒரு துண்டு. தலைக்கவசம் இல்லை, ஒரு துண்டு. முதலில் முழுத் தோசையும் தன்னுடையது என்று நினைத்தவளுக்கு, கடைசியில் ஒரு மெல்லிய கீற்றுதான் மிஞ்சியது. அதை நான் அழிக்கவில்லை. "நீ கேட்டதும் அப்பா ஏன் போனார்?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "என்னைப் பிடிக்கும்ல, அதான்" என்றாள். அந்தக் கீற்றுக்குக் குற்றம் என்று பெயர் வைத்திருந்தாள். அன்றுமுதல் அதற்கு வேறு பெயர்.

அதற்குப் பிறகு தவிர்த்து வந்தவற்றை ஒவ்வொன்றாக நெருங்கினோம். முதலில் பென்சில் பெட்டியைப் பார்ப்பது, பிறகு தொடுவது, பிறகு ஒரு கோடு. வீட்டில் தாயும் மகளும் சேர்ந்து அப்பாவின் கைக்கடிகாரம், படங்கள், அவர் கையெழுத்து ஆகியவற்றை ஒரு பெட்டியில் சேர்த்தார்கள். மறக்கடிப்பது சிகிச்சையின் நோக்கம் அல்ல. இறந்தவரோடு உள்ள உறவு முடிந்துபோவதில்லை. அது வேறு வடிவம் பெறுகிறது. நினைத்தால் உடைந்து போகும் நிலையிலிருந்து, நினைத்தும் வாழலாம் என்ற நிலைக்குக் கொண்டு வருவதே எங்கள் வேலை. நம் பாட்டிமார்கள் ஒப்பாரியில் இறந்தவரின் வாழ்க்கையையே சொல்லி அழுதார்கள். சொல்லச் சொல்லத்தான் ஆறியது. அந்தக் கூட்டத்தில் குழந்தைக்கு இடம் கிடைக்கவில்லை. சிகிச்சை அறையில் அந்த இடம் கிடைக்கிறது.

இப்படி வாரம் ஒருமுறை சில மாதங்கள் ஆகலாம். சிலருக்கு நான்கைந்து சந்திப்புகளே போதும். பேசியது வெளியே போகுமோ என்ற அச்சம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. பள்ளிப் பதிவேடு எதிலும் இது ஏறாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்வோம்.

எங்கே அனுப்புவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நம் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களும் உண்டு. அனுப்பும்போது "உன்னிடம் கோளாறு இருக்கிறது" என்ற தொனி வராமல், "கால் முறிந்தால் எலும்பு மருத்துவரிடம் போவது போல, துக்கம் தாங்க முடியாதபோது பேசுவதற்கு ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லுங்கள்.

ஆசிரியரின் துக்கம்

இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர் கணவரை, தாயை, ஏன், பிள்ளையைக்கூட இழந்திருப்பீர்கள். விடுப்பு முடிந்து மறுநாளே நாற்பது பிள்ளைகள் முன் நின்றிருப்பீர்கள். உங்கள் குரல் நடுங்கினால் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்று அஞ்ச வேண்டாம். "எங்க அம்மா போன மாசம் இறந்துட்டாங்க, அதான் இன்னைக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிற ஆசிரியர், துக்கத்தோடும் வாழலாம் என்பதை எந்தப் பாடநூலையும்விட நன்றாகக் கற்பிக்கிறார். உடன் பணியாற்றுவோர் ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள்; மதிய உணவுக்குக் கூட அமருங்கள். 14416 உங்களுக்கும் உரிய எண்தான்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளைகள் யார் யார் என்று குறியுங்கள். நீங்கள் நினைத்ததைவிட அதிகப் பெயர்கள் இருக்கும். அந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக ஒரு நிமிடம் பேசுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். மீதியைப் பிள்ளையே சொல்லும். கேட்பதற்கு நீங்கள் இருந்தால் போதும்.